கடனும் தவணையும்: முறியெரித்த குடியானவர் முதல் மலாயாத் தொழிலாளர் வரை

கடன் வாங்குவது எளிது, தீர்ப்பது அரிது. இதை அறியாதவர் எவருமில்லை. ஆனால், கடனைத் தீர்க்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மன்னர்கள் நடத்திய போர்களையும் அவர்கள் எழுப்பிய கோட்டைகளையும் வரலாறு என்று படிக்கிறோம். ஓர் ஏழைக் குடியானவன் தன் பெயரில் எழுதப்பட்ட முறியை எப்படி மீட்டான் என்பது ஏட்டில் ஏறுவது அரிது. ஆயினும், நம் முன்னோருள் பலரைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு அனுப்பிய காரணங்களுள் மழையின்மையும் பஞ்சமும் மட்டுமல்ல, கடனும் ஒன்றாக இருந்தது. ஆகவே, இது நம் சொந்த வரலாற்றின் ஒரு பகுதி.

கடன்பட்டவன் திருப்பிக் கொடுக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? இக்கேள்விக்கு உலகம் மூன்று விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. அவன் உடலைத் தண்டிப்பது ஒன்று. கடன் முழுவதையும் அழித்துவிடுவது மற்றொன்று. கணக்கைத் திறந்து பார்த்து, நியாயமான தொகையைக் கட்டி, அவன் வருவாய்க்கேற்பத் தவணை வகுப்பது மூன்றாவது. முதல் இரண்டும் பழமையானவை. மூன்றாவதைக் கண்டடையத்தான் மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது.

உடலைப் பிடித்த சட்டங்கள்

கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில் இரண்டு முகங்களைக் காண்கிறோம். புயலாலோ வறட்சியாலோ பயிர் அழிந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு உழவன் வட்டி கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு விதி இரக்கம் காட்டுகிறது. கடனுக்காகக் கொடுக்கப்பட்ட மனைவி மக்கள் மூன்று ஆண்டு வேலை செய்த பின்னரே விடுதலை பெறுவர் என்று மற்றொரு விதி கூறுகிறது. பயிருக்கு இரங்கிய சட்டம் மனிதருக்கு அவ்வளவு இரங்கவில்லை.

பண்டைய ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டம் இன்னும் கடுமையானது. கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் கெடு. அதற்குள் கொடுக்காவிடில், கடன் கொடுத்தவன் அவனைச் சங்கிலியிட்டு 60 நாள் வைத்திருக்கலாம்; அதன் பின்னர் அடிமையாக விற்றுவிடலாம். கிரேக்க நாட்டில் கி.மு. 594இல் சோலோன் என்னும் அறிஞர் இதற்கு நேர்மாறான வழியை எடுத்தார். ஏதென்சு நகரத்துக் குடியானவர் கடன்களை நீக்கி, இனி மனித உடலை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கக்கூடாது என்றும் தடுத்தார்.

இவையெல்லாம் மிகப் பழைய காலத்துக் கொடுமைகள் என்று நாம் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும் கடனாளிச் சிறைகள் இருந்தன. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குப் பட்ட கடனுக்காக லண்டனிலுள்ள மார்ஷல்ஸி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். சிறையில் இருப்பவன் சம்பாதிக்க இயலாது. சம்பாதிக்க இயலாதவன் கடனை எப்படித் தீர்ப்பான்? இந்த எளிய உண்மையை ஒப்புக்கொண்டு, பெரும்பாலான கடன்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்க இங்கிலாந்துக்கு 1869 வரை காலம் தேவைப்பட்டது.

இந்திய நாட்டில் தரும சாத்திரங்கள் வேறொரு வரம்பைக் கட்டின. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி முதலுக்கு மேற்படக் கூடாது என்பது அவ்வரம்பு. இதனை 'தாம்துபட்' என்று பிற்கால வழக்கு மன்றங்கள் குறித்தன. பம்பாய் மாகாணத்து நீதிமன்றங்கள் இவ்விதியைக் கைக்கொண்டன. சென்னை மாகாணத்து நீதிமன்றங்கள் கைக்கொள்ளவில்லை. வட்டிக்கு வரம்பு கட்டும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இராசராசன் காலத்தில் கோயிற் பொருளைக் கடனாகப் பெற்ற ஊர்ச் சபைகள் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தியதைக் கூறுகின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது அதன் கணக்கு. கல்லில் வெட்டிய வட்டியை எவரும் இரவோடிரவாக மாற்றி எழுத இயலாது. பிற்காலத்துக் குடியானவன் கைநாட்டு வைத்த காகிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

முறிகளை எரித்த குடியானவர்

1875 மே மாதம் 12ஆம் நாள், புனா மாவட்டத்துச் சுபா என்னும் சந்தை ஊரில் குடியானவர்கள் திரண்டு எழுந்தனர். லேவாதேவிக்காரர்களின் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்தனர். அவர்கள் தேடியது பொன்னையன்று. கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையும். அவற்றை எடுத்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். பத்திரத்தைக் கொடுத்துவிட்டவர்கள் பெரும்பாலும் காயமின்றித் தப்பினர். இக்கலகம் புனாவிலும் அகமத் நகரிலும் ஊர் ஊராகப் பரவியது.

இதன் காரணத்தை ஆராய்ந்தால், கடல் கடந்த ஒரு போரில் போய் முடிகிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது தடைப்பட்டது. தக்காணத்துப் பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. விலை ஏறியதும் கடனும் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, ஆனால் நிலவரி உயர்த்தப்பட்டது. முன்பு தாராளமாகக் கொடுத்தவர்கள் இப்போது கையை இறுக்கி, பழைய பாக்கியைப் புதிய முறியாக மாற்றி எழுதினர். வட்டி முதலாயிற்று, அந்த முதலுக்கும் வட்டி ஏறிற்று. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்குத் தான் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதே மறந்து போயிற்று. அவன் காகிதத்தை எரித்தது அந்த மயக்கத்தின் விளைவே.

அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. புனா, சதாரா, சோலாப்பூர், அகமத் நகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்காக வந்த இச்சட்டம் மூன்று புதுமைகளைச் செய்தது. பத்திரத்தில் எழுதியிருப்பதே முடிவு என்று கொள்ளாமல், கொடுக்கல் வாங்கலின் தொடக்கத்திலிருந்து கணக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடைத்தது. கட்ட வேண்டிய தொகையைத் தவணைகளாகப் பிரித்து உத்தரவிடவும் அவரால் முடிந்தது. குடியானவனைக் கடனுக்காகச் சிறையில் அடைப்பதும் நின்றது. உடலைத் தண்டிப்பதும் அன்றி, கடனை அழிப்பதும் அன்றி, மூன்றாவது விடை இங்கே சட்ட வடிவம் பெற்றது எனலாம்.

சென்னை மாகாணத்துச் சுமை

தமிழ்நாடு அடங்கிய சென்னை மாகாணத்தில் நிலைமை என்ன? 1890களில் சர் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி கிராமக் கடனை ஆராய்ந்து, மாகாணத்தின் மொத்தக் கடன் 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டார். ஜெர்மனி நாட்டுக் கிராமங்களில் ரைபைசன் என்பவர் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் போல இங்கும் அமைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் ஒன்று தோன்றியது.

ஆனால், கடன் சங்கங்களைவிட வேகமாக வளர்ந்தது. 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதை 150 கோடி என்று கணித்தது. 1935இல் அரசாங்க அதிகாரி சத்தியநாதன் 200 கோடி என்று கணித்தார். இடையில் நிகழ்ந்தது உலகப் பொருளாதார மந்தம்.

மந்தம் கடனை எப்படிப் பெருக்கிற்று என்பதைச் சிறிது விளக்க வேண்டும். கடன் ரூபாயில் எழுதப்படுகிறது. உழவனின் வருவாயோ நெல்லில் வருகிறது. 1920களின் இறுதியில் விற்ற விலையோடு ஒப்பிட்டால், 1930களின் தொடக்கத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்துவிட்டது. பத்து மூட்டை விற்று வட்டி கட்டியவன் இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. பத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் கடன் இரட்டித்துவிட்டது. இதில் கடன் கொடுத்தவன் செய்த வஞ்சகம் எதுவுமில்லை. வாங்கியவன் செய்த ஊதாரித்தனமும் இல்லை. எனினும், ஒருவன் நிலத்தை இழந்தான். மற்றவனும் ரொக்கத்தை இழந்து, வேண்டாத நிலத்தைப் பெற்றான்.

கொடுத்தவன் பாடும் இன்பமன்று என்பதற்குப் பர்மாவே சான்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் அது 25 பங்காயிற்று. நிலம் சேர்க்கும் ஆசையால் வந்த நிலமன்று அது. ரொக்கமாக வராத கடனுக்கு ஈடாக வந்தது. அவர்களும் பிறரிடம் வட்டிக்கு வாங்கியே பிறருக்குக் கொடுத்திருந்தனர். 'வட்டி ஆசை முதலுக்குக் கேடு' என்னும் நம் பழமொழியின் பொருள் அப்போது பலருக்கும் விளங்கியிருக்கும்.

பேசித் தீர்த்தல்

இந்த இக்கட்டில் பிறந்தவையே கடன் சமரச வாரியங்கள். 1933இல் மத்திய மாகாணம் இதற்குச் சட்டம் செய்தது. சென்னை மாகாணம் 1936இல் தன் சட்டத்தைச் செய்தது. கடனாளி ஒருவன் வாரியத்திடம் விண்ணப்பம் செய்வான். தன் கடன்கள் யாவை, சொத்து எவ்வளவு, வருவாய் எவ்வளவு என்று அதில் ஒளிக்காமல் கூற வேண்டும். வாரியம் கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் அழைக்கும். ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைக் காட்ட வேண்டும். பின்னர் எவ்வளவு குறைப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது என்று பேசி முடிவு செய்வர். ஒப்பந்தம் எழுதிப் பதிவாகிவிட்டால், நீதிமன்றத் தீர்ப்புக்குள்ள வலிமை அதற்கு உண்டு.

இதன் நுட்பம் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டியதில் இருக்கிறது. தனித்தனியே வந்தால், முதலில் ஜப்தி செய்பவனுக்கே பொருள் கிடைக்கும். ஆகவே ஒவ்வொருவனும் முந்திக்கொள்ளப் பார்ப்பான். அந்த ஓட்டத்தில் கடனாளியின் ஏரும் மாடும் போய்விடும். அதன்பின் எவனுக்கும் எதுவும் கிடைக்காது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால், சற்றுக் குறைவாயினும் ஒவ்வொருவனுக்கும் ஏதேனும் கிடைக்கும். கடனாளிக்கு உழுவதற்கு மாடும் மிஞ்சும்.

இவ்வகையில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது கத்தியவாரிலிருந்த பவநகர் சமஸ்தானம். 1930களின் தொடக்கத்தில், திவான் சர் பிரபாசங்கர் பட்டணி காலத்தில், குடியானவர் மீது லேவாதேவிக்காரர்கள் கோரிய தொகை ஏறக்குறைய 86 லட்சம் ரூபாய். அரசாங்கம் ஊர் ஊராகக் கணக்கைப் பரிசோதித்து, ஏறக்குறைய 20½ லட்சத்துக்கு அதனைத் தீர்த்தது. அத்தொகையை அரசாங்கமே கொடுத்துவிட்டு, குடியானவரிடமிருந்து எளிய தவணைகளில் வசூலித்துக்கொண்டது. நாலில் ஒரு பங்குக்கும் குறைவான தொகைக்கு லேவாதேவிக்காரர்கள் ஏன் ஒப்பினர்? காகிதத்தில் கிடந்த 86 லட்சம் என்றும் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். கையில் வரும் ரொக்கம் காகிதத்தில் உள்ள பெருந்தொகையினும் மேலானது அன்றோ?

சென்னை மாகாணத்தில் நிலவள வங்கிகள் இதே பணியை வேறு முறையில் செய்தன. 1929இல் தொடங்கிய மத்திய நில அடமான வங்கி கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டி, கிளை வங்கிகள் மூலம் உழவருக்குக் கொடுத்தது. அக்கடன்களிற் பெரும்பகுதி பழைய கடன்களை அடைப்பதற்கே சென்றது. பல இடத்துப் பெருவட்டிக் கடன் ஒரே இடத்துச் சிறுவட்டிக் கடனாக மாறிப் பல ஆண்டுத் தவணையாக நீண்டது. ஆனால், ஈடு காட்ட நிலம் உள்ளவனுக்கே இந்த வழி திறந்திருந்தது.

1938ஆம் ஆண்டுச் சட்டம்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். வாரியங்களின் வேகம் போதாது என்று கருதிய அவரது அமைச்சரவை, 1938 மார்ச்சில் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சமரசத்தில் கடன் கொடுத்தவன் ஒப்ப வேண்டும். இச்சட்டத்திலோ அவன் ஒப்புதல் தேவையில்லை. சட்டமே கடனைக் குறைத்துவிட்டது.

அது எவ்வாறு குறைத்தது என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒருவன் 1926 அக்டோபரில் 400 ரூபாய் கடன் வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. 1937 அக்டோபர் முதல் நாள் வரை 11 ஆண்டுக்கு வட்டி 792 ரூபாய் ஆகிறது. அவன் இதுவரை 300 ரூபாய் வட்டியாகக் கொடுத்திருந்தால், பழைய கணக்குப்படி இன்னும் 892 ரூபாய் கொடுக்க வேண்டும். புதிய சட்டம், 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் நாள் பாக்கியாக நின்ற வட்டி முழுவதையும் நீக்கியது. ஆகவே, 400 ரூபாய் முதலைக் கொடுத்தால் போதும்.

மேலும், முதலும் வட்டியுமாக முதலைப்போல் இரு மடங்கு கொடுத்திருந்தால், கடன் தீர்ந்ததாகவே சட்டம் கொண்டது. மேற்கண்டவன் 800 ரூபாய் கொடுத்திருந்தால் இனி ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. 650 ரூபாய் கொடுத்திருந்தால், இரு மடங்குக்குக் குறையும் 150 ரூபாயைக் கொடுத்து முறியை மீட்கலாம். 1932 அக்டோபருக்குப் பின் பட்ட கடன்களுக்கு, சட்டம் வந்த நாள் வரை ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்று தனிவட்டி கணக்கிடப்பட்டது. இனி வாங்கும் கடனுக்கு ரூபாய்க்கு ஆண்டுக்கு ஓர் அணா, அதாவது நூற்றுக்கு ஆறேகால் என உச்ச வரம்பு வகுக்கப்பட்டது. சென்னை நீதிமன்றங்கள் ஏலாது விட்ட பழைய அறநூல் வரம்பு, வேறு உருவில் சட்டமன்றத்தின் வழியாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. நேர்மையாகக் கொடுத்தவனும் வஞ்சகமாகக் கொடுத்தவனும் ஒன்றா என்று கேட்டனர். வட்டிக்கு விட்ட சிறு பணத்தையே நம்பி வாழும் விதவைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டனர். இக்கேள்விகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய சிறு கடனுக்கும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் சட்டம் விலக்கு அளித்தது. புரோநோட்டு மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொருள். மாகாணம் அதில் கை வைக்கலாமா என்ற வழக்கு டெல்லி பெடரல் நீதிமன்றம் வரை சென்றது. 1940இல் அந்நீதிமன்றம், வழக்கில் இருந்த கடன் ஏற்கெனவே தீர்ப்பாக மாறிவிட்டபடியால் சட்டம் அதற்குப் பொருந்தும் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தது.

பயன் என்ன? பொருளாதாரப் பேராசிரியர் பி. வி. நாராயணசாமி நாயுடு 1946இல் அளித்த அறிக்கை, மாகாணத்தின் கடன் 1939இல் 272 கோடியாக இருந்து 1945இல் 218 கோடியாகக் குறைந்தது என்கிறது. இக்குறைவுக்குப் போர்க்காலத்தில் ஏறிய விளைபொருள் விலையே பெருங் காரணம். அதனினும் கருதத்தக்கது, கடன் யாருக்குக் குறைந்தது என்பது. பெருநிலக்காரரின் தலைக்கடன் வெகுவாகக் குறைந்தது. சிறுநிலக்காரருக்குச் சிறிதே குறைந்தது. நிலமற்ற கூலியாட்களின் தலைக்கடனோ கூடிவிட்டது. விற்க நெல் உள்ளவனுக்கு விலையேற்றம் வரவு. வாங்கி உண்பவனுக்கு அதுவே செலவு.

சட்டமும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவனே அச்சட்டத்தின்படி விவசாயி. பிறர் நிலத்தில் சேற்றில் இறங்கி நட்டவனும் அறுத்தவனும் விவசாயி அல்லன். பண்ணைக்காரனிடம் அவன் வாங்கிய பத்து ரூபாய்க்குச் சமரசமும் இல்லை, குறைப்பும் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே தவணைத் திட்டம் கப்பல்தான்.

கடல் கடந்து வந்த கடன்

நிலமற்றவன் கடல் கடந்தபோது கடனும் உடன் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்னும் முறை இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு. இதைக் கொடுப்பவர் இவர்களைப் பெறலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. அடுத்த தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும். அதோடு மனிதரும் கைமாறினர். 1921இல்தான் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது.

மலாயாவில் வேறு வழி காணப்பட்டது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தொழிலாளரைப் பயன்படுத்தும் முதலாளிகள் எல்லாரும் அந்நிதிக்கு வரி செலுத்தினர். அதிலிருந்தே ஆட்களின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. கப்பற்கூலி தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்படவில்லை. 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. கரையில் கால் வைக்கும்போதே கடனாளியாய் இருந்த நிலை இவ்வாறு மாறிற்று. தோட்டத்துக் கடையில் பற்று, கள்ளுக்கடையில் பற்று, ஊருக்கு அனுப்பக் கைமாற்று என்று புதிய கடன்கள் பின்னர் வந்து சேர்ந்தன என்பது வேறு செய்தி. 1938 ஜூன் மாதம் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தையே தடுத்துவிட்டது. சென்னையில் கடன் நிவாரணச் சட்டம் வந்து மூன்று மாதத்தில், அச்சட்டம் தொடாத மனிதனுக்கு இருந்த வெளிவாசல் மூடிற்று. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததை நினைவில் வைப்பது நல்லது.

நகரங்களில் வாழ்ந்தவர் கதை வேறு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. தரையில் பாய் விரித்து, கணக்குப் பெட்டியைச் சாய்மேசையாக்கி, மேலாட்கள் வரவு செலவு எழுதினர். 1970களில் அப்பகுதி புதுப்பிக்கப்பட்டபோது அவை மறைந்தன. வங்கிகள் ஏறிட்டும் பாராத சிறு வணிகருக்கும் குமாஸ்தாக்களுக்கும் பணம் கொடுத்தவர்கள் அவர்களே. ஆயினும், மாதச் சம்பளக்காரன் ஒருவன் திருமணத்துக்கோ நோய்க்கோ நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், சம்பளம் முழுவதும் வட்டிக்கே போகும் நிலை பலருக்கு ஏற்பட்டது. அரசாங்க ஊழியனுக்குக் கடன் தொல்லை ஒழுக்கக் குறைவாகவே கருதப்பட்டதால், அவன் கடனை மறைத்தான். மறைத்ததனால் அது வளர்ந்தது.

இந்நிலையில்தான் 1922இல் மலாய்க் கூட்டு மாநிலங்களிலும், 1924இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் கூட்டுறவுச் சட்டங்கள் வந்தன. அரசாங்க ஊழியரிடையே சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. உறுப்பினர் மாதந்தோறும் சிறு தொகை சேமிப்பர். அச்சேமிப்பிலிருந்தே குறைந்த வட்டிக்குக் கடன். மாதத் தவணையில் திருப்பம். சேமிப்பும் கடனும் ஒரே புத்தகத்தில் இருந்ததால், கடன் தீர்ந்த நாளில் உறுப்பினன் கையில் வெறும் இரசீது மட்டுமன்றி ஒரு சிறு முதலும் இருந்தது. தோட்டத் தொழிலாளரிடையேயும் சிக்கனச் சங்கங்கள் பரவின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கத் தொழிலாளரிடம் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளித் தவணையில் திரட்டியது. கடன் கட்டுவதற்கு மட்டுமே தவணையை அறிந்திருந்த மக்கள், உடைமை பெறுவதற்கும் அதே தவணையைப் பயன்படுத்தினர். இதனினும் அழகிய திருப்பம் இவ்வரலாற்றில் இல்லை.

இன்றைய வழிகள்

இன்று பழைய வாரியங்களின் கருத்து புதிய பெயர்களில் வாழ்கிறது. மலேசியாவில் பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையம், கடனாளிக்காகக் கட்டணமின்றி வங்கிகளோடு பேசித் தவணை வகுக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட நொடிப்புச் சட்டம், திவாலாகும் முன்பே கடன் கொடுத்தவர்களோடு தானாக உடன்பாடு காண வழி செய்கிறது. சிங்கப்பூரில் 2009இல் கடன் திருப்பித் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஈடில்லாக் கடன் 150,000 வெள்ளிக்கு மேற்படாமல், நிலையான வருவாயும் உள்ளவர், திவாலாகாமலே ஐந்து ஆண்டுக்குள் தவணையாகக் கட்டித் தீர்க்க அது இடமளிக்கிறது. வட்டிக்கும் வரம்பு உண்டு. மலேசியாவில் உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12, ஈடில்லாக் கடனுக்கு 18 என்பதற்கு மேல் வாங்கக்கூடாது. சிங்கப்பூரில் 2015 அக்டோபர் முதல் மாதத்துக்கு நூற்றுக்கு 4 என்பது உச்ச வரம்பு. ஆலோங் என்று மக்கள் அழைக்கும் வட்டி முதலைகள் இவ்வரம்புகளுக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களிடம் கடன்பட்டவர் மறைத்துக்கொண்டு மேலும் கடன் வாங்காமல், காவல் துறையின் துணையை நாடுவதே தக்கது.

இந்த நெடிய வரலாறு நமக்குக் கூறுவது யாது? தக்காணத்து நீதிபதியும், பவநகர் அதிகாரியும், இன்றைய ஆலோசனை நிலையத்தாரும் முதலில் செய்தது ஒன்றே: கணக்கைத் திறந்தார்கள். வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதினார்கள். இதை எவரும் தம் வீட்டிலேயே ஒரு தாளில் செய்யலாம். அடுத்து, கடன் கொடுத்தவர் அனைவரையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்தார்கள். ஒருவருக்குக் கொடுக்க மற்றொருவரிடம் பெருவட்டிக்கு வாங்குவது தீர்வாகாது. இலங்கைத் துண்டைப்போல் அது கடனைக் கைமாற்றுவதே. மூன்றாவதாக, வயிற்றுக்கும் வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒதுக்கிய பின் எஞ்சுவதையே தவணையாக வைத்தார்கள். கட்ட முடியாத தவணையை ஒப்புக்கொள்வது மறுபடி கடன் எழுதுவதற்கு ஒப்பாகும். நான்காவதாக, பேசி முடித்ததை எழுத்தில் வாங்கினார்கள். கொடுத்ததற்கு இரசீதில்லாமற் போனதாலேயே குடியானவன் இரு முறை கொடுத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலந்தாழ்த்தாமல் பேசுவது. அமீனா வாசலில் வந்து நிற்கும் நாளில் பேசுவதற்குப் பொருள் மிஞ்சாது. தவணை தவறும் என்று தெரிந்த மாதத்திலேயே கடன் கொடுத்தவரிடம் சென்று நிலைமையைச் சொல்பவனுக்குக் குறைப்பும் அவகாசமும் கிடைக்க வாய்ப்புண்டு. கொடுத்தவனும் தன் முதல் வருமா என்ற கவலையில் இருப்பவனே.

கடன்பட்டவன் குற்றவாளி என்று எண்ணிய காலம் சிறைகளைக் கட்டியது. அவனும் ஒரு கணக்கில் சிக்கிய மனிதன் என்று கண்ட காலமே வாரியங்களையும் சங்கங்களையும் கட்டியது. நம் பாட்டன்மாருக்கு அந்த வாரியத்தின் கதவு திறக்கவில்லை. நமக்குத் திறந்திருக்கிறது. வெட்கத்தால் அதன் வாசலில் நின்றுவிடாமல் உள்ளே செல்வதே அறிவுடைமை.